பூவின் பெயரோடு அது மலர்ந்திருந்த மணியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் அனுப்பும் பூப்படங்கள் வாராவாரம் வருகின்றன. படத்துக்குக் கீழே அனுப்பியவரின் பெயரும் ஊரும் இருக்கின்றன. பூவின் பெயர் பல வாரம் இல்லை. எடுத்த மணி எந்த வாரமும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்பது ஒரு வரிதான், காரணம் சொல்வதுதான் நீளம். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். செம்பருத்தி பற்றிய பத்தியை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

பூவுக்கு நேரம் உண்டு என்பது பூக்கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. படம் எடுக்கிறவர்கள்தான் காபி குடித்து, பேப்பர் படித்து முடித்து, ஒன்பதரை மணிக்குப் போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். அதற்குள் பவழமல்லி உதிர்ந்து பழுப்பேறியிருக்கும். பூசணிப்பூ துவண்டிருக்கும். ராத்திரி மலர்ந்த மல்லிகை நிறம் மங்கத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்துக்கென்றே வாய் திறப்பது டேபிள் ரோஸ். பத்துமணிப்பூ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? அதுவும் வெயில் ஏறினால்தான். மூட்டமான நாளில் நாள் முழுக்க மொட்டாகவே இருந்துவிடும். போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் சூரியன் வைகாசியில் ஆறு மணிக்குச் சற்று முன்பாகவும், தை மாதத்தில் ஆறரையை ஒட்டியும் எழுகிறது. உதயத்துக்குக் கால் மணி முன்பிருந்து ஒன்றரை மணி நேரம் பூப்படத்துக்குப் பொன்னான வேளை: காற்று அடங்கியிருக்கும், ஒளி சாய்ந்து வரும், இதழில் தண்ணீர்ச் சத்து நிறைந்திருக்கும். அந்த வேளைக்குள்ளும் முறை உண்டு. முதலில் பவழமல்லி, விடியும்போது உதிரும், மிதிபடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அடுத்து, மார்கழியானால், வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் வைத்த பூசணிப்பூ. பிறகு செம்பருத்தி. ஊரணியில் தாமரை இருந்தால் எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது, உச்சிக்கு முன்பே கூம்பிவிடும். அல்லிக்குக் கணக்கு வேறு: இரவில் விரிந்து, காலை வெயில் ஏறும்வரை காத்திருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்திமந்தாரை. விளக்கு வைக்கும் நேரத்தில் முல்லையும் மல்லிகையும். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் பறம்பு நமக்கு மேற்கே பிரான்மலையாக நிற்கிறது. அந்தக் கொடிக்கு ஒரு படமாவது ஒழுங்காக எடுத்துக்கொடுப்பது இந்தச் சீமைக்காரர்களுக்குக் கடமைதான்.

இப்போது புரிந்திருக்கும், மணியைப் போடச் சொல்வது ஏன் என்று. படத்தின் கீழே ‘பூவரசு, காலை 7.10’ என்று இருந்தால், பார்க்கிறவர் தம் வீட்டுப் பூவரசை ஏழு மணிக்கு ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். மஞ்சளாக இருக்கும். சாயங்காலம் மறுபடி பார்த்தால் அதே பூ செம்மையேறி வாடிக்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் இருக்கிற மகிழ்ச்சி, யாரோ எங்கோ எடுத்த டூலிப் தோட்டத்தை ‘காலை வணக்கம்’ போட்டு நூறு பேருக்குத் தள்ளிவிடுவதில் வராது. தினம் ஒரு பூ, அதே செடி, பத்து நிமிஷம். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரமே போதும். ஒரே பூவை நாலு வேளை எடுக்க நினைப்பவர்கள், முதல் படம் எடுத்த இடத்தில் தரையில் சாக்பீஸால் காலடிக் குறி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாலு படமும் நாலு பூ மாதிரி இருக்கும். இன்னொன்று: காலையில் சாமிக்குப் பூப்பறிக்கும் ஆச்சியிடம், ‘ஒரு கொப்பை மட்டும் விட்டுவையுங்க ஆச்சி’ என்று முதல்நாள் ராத்திரியே சொல்லிவைக்க வேண்டும். விடிந்து சொல்லிப் பலனில்லை.

ஒளிக்கு வருகிறேன். வளவு என்கிற உள்கட்டும் நடுமுற்றமும் இருக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஸ்டுடியோ விளக்கு வாங்குவது, ஊரணிக் கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது மாதிரி. மேலே திறந்த வானம், நாலு புறமும் தாழ்வாரம், சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். வெயில் நேரே விழாத பக்கமாகப் பார்த்து, தாழ்வார விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே பூந்தொட்டியை வைத்தால், வானத்து ஒளி ஒரு பக்கத்திலிருந்து மெத்தென்று விழும். உள்சுவர் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். இதழின் மடிப்புகூடத் தனித்துத் தெரியும். அதற்குமேல் உள்ளே தள்ளினால் ஒளி சட்டென்று குறைந்துவிடும். படம் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக வரும். விளிம்புக்கு வெளியே வைத்தால் இதழில் ஒரு பாதி வெளுத்து, மறுபாதி கறுத்துப்போகும். அந்த இரண்டடிக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

சித்திரை முதல் வாரத்திலும், ஆவணி பத்துத் தேதி வாக்கிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வரும் விளைவு இது. அந்த நாட்களில் முற்றத்துத் தரையில் வெயில் நேராக இறங்கி, அங்கிருந்து மேல்நோக்கித் தெறிக்கும். தாழ்வாரத்து ஓரத்தில் தொங்கும் பூவை அப்போது எடுத்தால் அடியிதழ்கள் விளக்கேற்றியதுபோல் இருக்கும். நண்பகலில் படம் எடுக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்கிற விதிக்கு நம் வீடுகளில் இப்படி ஒரு விலக்கு.

தரையின் நிறம் பூவில் ஒட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் கண்ணாடிப் பலகைமேல் வார்த்து எடுப்பது, அதனால்தான் அந்தப் பளபளப்பு. சிவப்புக் கல் பாவிய தரைக்கு அருகே நந்தியாவட்டையை வைத்தால் வெள்ளை இதழின் அடிப்பக்கம் ரோஸ் நிறமாகும். வெளியே செம்மண்ணும் செம்புறாங்கல்லும் அதே வேலையைச் செய்யும். படத்துக்குள் வராத இடத்தில், பூவுக்கு அடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தால் சரியாகிவிடும். முகப்பு வாசல் வளைவில் பதித்த வண்ணக் கண்ணாடி வழியாக ஒளி விழுகிற இடமும் அப்படித்தான், அழகாகத் தெரியும். மல்லிகைமேல் பச்சைத் திட்டு விழுந்திருப்பது படத்தில்தான் தெரியவரும். நிழலில் எடுத்தால் நீலம் ஏறும், ஏனென்றால் அங்கே விழுவது நீல வானத்தின் ஒளி. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வொய்ட் பேலன்ஸ் அமைப்பைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு ‘நிழல்’ அல்லது ‘மேகமூட்டம்’ என்று வைக்கலாம். எண் காட்டும் போனில் 6500 முதல் 7500 கெல்வின் வரை வைத்துப் பார்த்து, வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தலாம். சங்குப்பூ எடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அதன் நீலம் போனில் ஊதாவாக விழுந்துவிடும். காலை மஞ்சள் வெயிலில் எடுக்காமல் திறந்த நிழலில் எடுத்து, கையால் சரிசெய்தால்தான் கிட்டத்தட்டக் கண்ணில் பட்ட நீலம் வரும்.

முற்றம் இல்லாத புது வீட்டுக்காரர்களுக்கு வேட்டி இருக்கிறது. மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றைத் துணியாகக் கொடியில் போட்டு, சூரியனுக்கும் செடிக்கும் நடுவில், பூவிலிருந்து இரண்டடிக்குள் இருக்கும்படி பிடித்தால் கொளுத்தும் வெயில்கூட முற்றத்து ஒளியாக இறங்கிவிடும். தூரத்தில் கட்டினால் நிழல் மறுபடி கூர்மையாகிவிடும், கட்டிய பலன் இல்லை. எதிர்ப்புறத்தில், நிழல் விழும் பக்கமாக, ஓரடி தள்ளி ஒரு தெர்மாகோல் பலகை. அலுமினியத் தாளும் ஒளியைத் திருப்பும்தான், ஆனால் இதழில் வெட்டு வெட்டாக வெள்ளைக் கீற்று விழும். கசக்கிப் பிரித்தால் கொஞ்சம் தணியும். பின்னணிக்குக் கறுப்புக் குடை ஒன்று விரித்துப் பிடித்தால் போதும். கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையைப் பின்னால் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மீட்டராவது தள்ளித் தொங்கவிட்டால் அதன் நிறம் மட்டும் கரைந்து நிற்கும். பூவை ஒட்டி வைத்தால் பார்க்கிறவர் கட்டத்தைத்தான் எண்ணுவார்.

இனி போனின் குணம். போன் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைப் பூ எடுக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். ‘வெள்ளைப் பூவுக்கு வெளிச்சத்தைக் குறை’ என்று ஒருவர் சொல்வார், ‘கூட்டு’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் பாதி சரி. கரும்பச்சை இலைகளுக்கு நடுவில் நந்தியாவட்டை சின்னதாக இருந்தால், போன் இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், பூ வெந்த சோறு மாதிரி வெளுத்துப்போகும்; அப்போது குறைக்க வேண்டும், எண் காட்டும் போனில் கழித்தல் 0.7 முதல் 1 வரை. அதே பூ படம் முழுக்க நிறைந்திருந்தால் போன் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது கூட்ட வேண்டும், கூட்டல் 0.7 முதல் 1 வரை. செய்வது சுலபம்: பூவின்மேல் விரலை வைத்து இரண்டு விநாடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்துச் சரிசெய்யலாம். வெளியில் வெயிலில் நின்று திரையைப் பார்த்தால் படம் இருட்டாகத்தான் தெரியும். அதை நம்பிக் கூட்டிவிட்டு, வீட்டுக்குள் வந்து பார்த்தால் எல்லாம் வெளுத்திருக்கும். ஒரு படம் எடுத்ததும் நிழலுக்கு வந்து பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பதே நல்லது.

செம்பருத்திக்கு வருகிறேன். உங்கள் இணைப்பில் வந்த செம்பருத்திகளில் பெரும்பாலானவை ஒரு சிவப்புத் தீற்றலாகவே இருக்கின்றன; இதழில் ஓடும் நரம்பு ஒன்றுகூடக் காணோம். காரணம் இது: கேமராவுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி அளவு. சிவப்புப் பூவில் சிவப்பு மட்டும் பொங்கி வழிந்துவிடும். மற்ற இரண்டும் குறைவாக இருப்பதால் மொத்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று போன் நினைத்துக்கொள்ளும். வழிந்த பாலை அள்ள முடியாது. அதுபோலத்தான், தொலைந்துபோன நரம்பைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. எடுக்கும்போதே கழித்தல் 0.7 அல்லது 1 வைத்துவிட வேண்டும். திரையில் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் விடுங்கள், நரம்பு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். பூவைக் கண்டதும் தானாக நிறத்தைக் கூட்டுகிற ஏற்பாடு பல போன்களில் இருக்கிறது. அதை முதலில் அணைத்துவிட வேண்டும்.

அடுத்தது அதன் நடுத்தண்டு. ஐந்து இதழுக்கு நடுவிலிருந்து நீண்டு வரும் அந்தக் குழலின் பக்கங்களில் மஞ்சள் மகரந்தப் பைகள் சின்னச் சின்னக் காம்பில் நிற்கும். நுனியில் வெல்வெட் பொட்டு மாதிரி ஐந்து சூல்முடிகள். நேர் எதிரே நின்று எடுத்தால் நுனி போனுக்கு மிக அருகிலும் இதழ் பல சென்டிமீட்டர் பின்னாலும் இருக்கும். ஒன்று தெளிந்தால் மற்றது கலங்கும். பக்கவாட்டில் சாய்ந்து நின்று, தண்டு போன் திரைக்கு இணையாகக் கிடக்கும்படி எடுத்தால் அடி முதல் நுனி வரை கூர்மையாக வரும். நேரே நின்றுதான் எடுப்பேன் என்றால், ஃபோகஸை அந்த ஐந்து பொட்டில் வைத்துவிட்டு இதழைக் கலங்க விட்டுவிடலாம். அதுவும் ஓர் அழகு. செம்பருத்தியில் ஒரு சௌகரியம் உண்டு. பறித்துத் தண்ணீரில் போடாமல் வைத்தாலும் அன்று பகல் முழுக்க விரிந்தே இருக்கும். பறித்துவிட்ட பூவாக இருந்தால் ஜன்னல் திண்டில் வைத்து நிதானமாக எடுக்கலாம். படத்துக்காகவே பறிப்பது எனக்கு உடன்பாடில்லை.

கிட்டே போனால் பூ தெளியும் என்று நினைத்துப் போனை இதழில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 10 சென்டிமீட்டருக்குள் எதையும் பிடிக்காது. பெரிய சென்சார் உள்ள விலை கூடிய போன்களில் 15, 20 சென்டிமீட்டர்கூட ஆகும். ஆகவே ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுப்பது மேல். தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில் அதற்குமேல் இழுத்தால் வெறும் கத்தரிப்புதான், தெளிவு கூடாது. சில போன்கள் அருகில் போனதும் தாமாக அகல லென்ஸுக்கு மாறி 2, 3 சென்டிமீட்டரில் எடுக்கும். அப்போது போனின் நிழலே பூவில் விழும். பக்கத்திலிருந்து ஒளி வரும்படி திரும்பி நிற்க வேண்டும். மலிவுப் போன்களில் ‘மேக்ரோ’ என்று தனியாக வரும் 2 மெகாபிக்சல் லென்ஸ் பெரும்பாலும் கணக்குக் காட்டத்தான். பின்னணியைக் கலக்கிக் காட்டும் போர்ட்ரெய்ட் வசதியை நம்ப வேண்டாம். மனித முகத்துக்குப் பழகிய அது, செம்பருத்தியின் மகரந்தக் காம்புகளையும் கனகாம்பரத்தின் இதழ் விளிம்பையும் தின்றுவிடும். பின்னணி தானே கலங்க, பூவுக்கு அருகில் நின்று, பூவுக்குப் பின்னால் ஆறேழு அடி வெறும் வெளி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் விரல் ஒருமுறை பட்டால் படம் முழுக்கப் புகை மூட்டம்தான். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணி இதற்கு நல்லது.

காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கனகாம்பரம் எம்மாத்திரம்? காற்றில்லாத காலையில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 250-இல் ஒரு பங்கு இருந்தால் போதும். இலை அசைகிற அளவு காற்றுக்கு 500-இல் ஒன்று. ஆடியில் 1000-இல் ஒன்றுகூட வேண்டியிருக்கும். ஷட்டரைத் தொட முடியாத போனில் நல்ல வெளிச்சத்துக்கு நகர்வதுதான் வழி, வெளிச்சம் கூடினால் போன் தானே வேகத்தைக் கூட்டும். பூவுக்கு நாலு விரற்கடை கீழே காம்பை ஒரு குச்சியோடு சேர்த்துத் துணிக் கிளிப்பால் பிடித்து, குச்சியை மண்ணில் ஊன்றினால் ஆட்டம் பாதியாகும். கிளிப்பை இறுக்கமாகப் போட்டால் காம்பு நசுங்கி மறுநாள் பூ தலைதொங்கும். நடுவில் ஒரு துண்டுப் பஞ்சு வைக்க வேண்டும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, அவர்களுக்குத் தெரியும். ஒன்றிரண்டு மட்டும். மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லையென்றால், 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 20 மி.மீ. நீட்டிப்புக் குழல் (உள்ளே கண்ணாடி இல்லாத வெற்று வளையம்) போட்டால் பூ நிஜ அளவில் 0.4 பங்குக்கு மேலாகவே சென்சாரில் விழும். முல்லை மொட்டுக்கு அது போதும். நிஜ அளவுக்கே போகிறவர்கள், லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக நிற்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதை மனத்தில் வைக்க வேண்டும். எஃப் 11 வரை போகலாம். 16, 22 என்று போனால் ஆழம் கூடும், ஆனால் மொத்தப் படமும் மழுங்கும். ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காமல், உடம்பை ஓர் அரிசி மணி அளவு முன்னும் பின்னும் அசைத்துப் பிடிப்பதுதான் கைவந்தவர்கள் செய்வது.

மல்லிகை தனிக் கதை. கோடையில் மாலை ஆறு மணிக்கு மொட்டு கெட்டியாக, நுனி சற்றே தளர்ந்து நிற்கும். ஏழு, எட்டுக்குள் விரிந்துவிடும். இதழ் தூய வெள்ளையாக இருப்பது அப்போதுதான். போனின் ஃப்ளாஷ் நேராக அடித்தால் பூ காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி தட்டையாகிவிடும். ஒரு டார்ச்சை எடுத்து, முகத்தில் ஒற்றை பட்டர் பேப்பர் சுற்றி, பூவுக்குப் பக்கவாட்டில் ஒன்றரை அடி தள்ளி வைக்க வேண்டும். ஒளி தூரம் போகப் போக மங்கிவிடுவதால் பின்னணி தானே கறுத்துவிடும். வாசல் மஞ்சள் பல்பை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூவில் பாதி வெள்ளை, பாதி மஞ்சள். நைட் மோடு இரண்டு மூன்று விநாடி படத்தைச் சேர்த்துச் சேர்த்து உருவாக்குவது. அந்த நேரத்தில் கொடி ஆடினால் மல்லிகை ஆவியாகத்தான் தெரியும்; டார்ச்சைக் கொஞ்சம் அருகில் கொண்டுவந்து சாதாரண முறையிலேயே எடுப்பது உத்தமம். போனை நிறுத்த ஸ்டாண்டு வேண்டாம்: சின்னத் துணிப்பையில் அரைக் கிலோ பச்சைப்பயறு போட்டு வாயைத் தைத்துவிட்டால், திண்ணை, மதில், தொட்டி விளிம்பு எதிலும் போன் பதிந்து உட்காரும். மணல் போட்டால் கசிந்து சார்ஜர் ஓட்டையில் இறங்கும். மூன்று விநாடி டைமர் வைத்தால் விரல் தொட்ட அதிர்வும் போய்விடும்.

காகிதப்பூ இல்லாத தெரு நம் பக்கத்தில் குறைவு. கண்ணைப் பறிக்கும் அந்த ரோஸ் நிறம் இதழே அல்ல, பூவைத் தாங்கும் இலை. மூன்று வண்ண இலைகளுக்குள் குழல் போன்ற மூன்று சின்னப் பூக்கள், வெள்ளை நுனியோடு இருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் விரிவதில்லை. ஃபோகஸை அந்த வெள்ளைப் பொட்டில் வைத்துப் பாருங்கள், வருஷக்கணக்காகப் பார்த்த செடி புதிதாகத் தெரியும். பவழமல்லிக்கு முதல்நாள் மாலையே மரத்தடியைப் பெருக்கிவிட்டுத் தண்ணீர் தெளித்து வைத்தால், விடியலில் ஈரச் செம்மண்மேல் வெள்ளையும் பவழக் காம்புமாகக் கிடக்கும். கையால் எடுத்து அடுக்க வேண்டாம், விரல் பட்ட இடம் கன்றிப் பழுப்பாகும்.

பூமேல் தண்ணீர் தெளித்து எடுப்பது பற்றி என் கருத்து: மார்கழிப் பனி தானாகவே தரும்போது ஸ்ப்ரேயர் எதற்கு? கிளிசரின் கலந்து தெளிக்கிறார்கள். துளி நிற்கும்தான், கூடவே எறும்பும் தூசியும் வந்து சேரும். செடிக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் செம்மண் தெறித்துக் கீழ் இதழில் புள்ளி விழும், வேரில் ஊற்றுங்கள். ஒட்டிய தூசியைக் குழந்தைகளின் வண்ணப் பெட்டியில் இருக்கும் மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். எருக்கு, அரளி இரண்டையும் எடுக்கும்போது மட்டும் கவனம்: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அரளி உடம்புக்குள் போனால் விஷம். கொப்பை வளைத்த கையோடு கண்ணைக் கசக்காமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போனைத் தொட வேண்டும். குழந்தைகளை இந்த இரண்டு செடிக்கும் அனுப்பாதீர்கள்.

இனி உங்கள் அலுவலகத்துக்குப் படம் வந்து சேரும் வழி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகிறது. கூடவே எடுத்த தேதி, மணி எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் இரண்டும் அப்படியே வரும். ஆனால் இடக்குறிப்பும் சேர்ந்தே வரும். வீட்டு இருப்பிடம் வெளியே போக வேண்டாம் என்று நினைப்பவர்கள் கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டு எடுக்கலாம். 10 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாக 1200 பிக்சல் அகலம் தாராளம். பேப்பர்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயத்தை வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்: செய்தித்தாள் காகிதம் மையைக் குடிக்கும், புள்ளி அகலும். போனில் அடர்த்தியாக ஜொலிக்கும் சிவப்பும் ஊதாவும் அச்சில் கறுத்துத் திட்டாகிவிடும். நிறத்தைக் கூட்டி அனுப்பாமல், கூட்டியிருந்தால் கூட்டுவதற்கு முந்திய படத்தை அனுப்பச் சொல்லி இணைப்பில் இரண்டு வரி போட்டால் போதும். படத்தோடு மூன்று சொல் கேளுங்கள்: பூவின் பெயர், மணி, தமிழ் மாதம். பெயர் ஊருக்கு ஊர் மாறும், நாங்கள் இட்லிப்பூ என்பதை இன்னொரு பக்கத்தில் வெட்சி என்பார்கள். அவரவர் ஊர்ப் பெயரையே போடுங்கள், திருத்த வேண்டாம்.

சித்திரை நெருங்குகிறது. சரக்கொன்றை பூக்கத் தொடங்கினால் உங்களுக்கு மூட்டை மூட்டையாக மஞ்சள் படம் வரும். பாதி நண்பகலில், வெளிறிய வானத்துக்கு எதிராக, கறுத்த கொத்தாக எடுத்தவையாக இருக்கும். எட்டு மணிக்கு முன்னால், சூரியன் கொத்துக்குப் பின்னால் இருக்கும்படி மரத்தடியில் நின்று, பூவில் விரல் வைத்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கூட்டல் 0.7-க்கு ஏற்றினால் ஒவ்வோர் இதழும் உள்ளிருந்து ஒளிரும். முடிந்தால் இந்தக் கடிதத்தைப் பங்குனி முடிவதற்குள் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பூக்களைப் படமெடுக்கும் ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்.